ரேடியோ திருத்தியவரின் சின்னப் பெட்டி

எலெக்ட்ரிக் கிட்டார் கைக்கு வந்த பிள்ளைகள் அடுத்ததாகக் கேட்பது ஒரே கேள்வியைத்தான். கிட்டார் எப்படியோ வந்துவிடுகிறது. கனடாவில் இருக்கிற மாமா அனுப்பியிருப்பார், இல்லையென்றால் கொழும்பில் யாராவது பழசாக ஒன்றை வாங்கிக் கொடுத்திருப்பார்கள். ஆனால் தனியே இருந்தால் அது பலகையில் கட்டிய கம்பி மட்டும்தான். பக்கத்து அறையில் இருப்பவருக்குக் கேட்காது. அதற்கு ஒரு அம்ப்ளிஃபயர் வேண்டும். 2022இல் ரூபாய் விழுந்த பிறகு கடையில் விலை கேட்டால் தலை சுற்றும். குறைந்த காசில், முதன்முதலாக வாங்குகிறவர் எந்த அம்ப் வாங்குவது? தேவாலயப் பாடகர் குழுவில் கிட்டார் வாசிப்பதால் இந்தக் கேள்வி என்னிடமும் அடிக்கடி வரும்.

நான் உடனே எந்தப் பெட்டியின் பெயரையும் சொல்வதில்லை. லியோ ஃபெண்டர் என்றொருவர் இருந்தார், முதலில் அவருடைய கதையைக் கேள் என்பேன். பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் தெரியும். கிட்டாரின் தலையில் எழுதியிருக்கிற பெயர்தானே. அது உண்மையில் வாழ்ந்த ஒரு மனிதரின் பெயர் என்பது பலருக்குத் தெரியாது. அந்த மனிதருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது என்று சொன்னால் நம்பவே மாட்டார்கள். அவர் ரேடியோ திருத்துகிறவர். இன்று ஆரம்பக்காரர்களுக்கென்று கடையில் அடுக்கியிருக்கிற சின்னச் சின்ன அம்ப்களின் உருவம், பெரும் பகுதி அவருடைய மேசையில் இருந்து வந்தது.

கிளாரன்ஸ் லியோனிடாஸ் ஃபெண்டர் 1909 ஓகஸ்ட் 10ஆம் திகதி பிறந்தார். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் அனஹைம், புல்லர்டன் என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே அவருடைய பெற்றோருக்கு ஒரு தோடம்பழத் தோட்டம் இருந்தது. எட்டு வயதில் இடது கண்ணில் கட்டி ஒன்று வந்து, கண்ணையே அகற்ற வேண்டியதாயிற்று. அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் கண்ணாடிக் கண்தான். அவரைப் பற்றி எழுதியவர்கள் இந்த இடத்தில் நின்று நிறைய வியப்பார்கள். நான் அப்படி வியக்கப் போவதில்லை. ஒரு கண்ணோடும் ஒரு கையோடும் நுணுக்கமான வேலை செய்கிறவர்களை நாங்கள் தினமும் பார்க்கிறோம்.

வாகனங்களின் மின்வேலைக் கடை வைத்திருந்த மாமா ஒருவர், கழித்துப்போட்ட ரேடியோப் பாகங்களும் ஒரு பற்றரியும் போட்ட பெட்டியொன்றைச் சிறுவன் லியோவுக்கு அனுப்பினார். அடுத்த வருடம் மாமாவின் கடைக்கே போனபோது, உதிரிப்பாகங்களைக் கொண்டு அவர் கட்டிய ஒரு ரேடியோ கடை வாசலில் உரத்துப் பாடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் லியோவை விட்டுப் போகவில்லை. பள்ளிக்கூடம் முடிவதற்கு முன்னரே வீட்டில் ஒரு மூலையில் இருந்து அயலவர்களின் ரேடியோக்களைத் திருத்தத் தொடங்கிவிட்டார். பியானோவும் சாக்ஸபோனும் கொஞ்சம் பழகினார், அதோடு சரி.

கல்லூரியில் படித்தது மின்னணுவியல் அல்ல, கணக்கியல். ஐஸ் கொம்பனி ஒன்றில் விநியோக வேலைக்குச் சேர்ந்து, பிறகு அங்கேயே கணக்கெழுதினார். அந்த நாட்களில் நடன இசைக்குழு ஒன்றின் தலைவர் வந்து, ஹொலிவூட்டில் நடக்கும் நடனங்களுக்கு ஒலிபெருக்கி செட் செய்து தர முடியுமா என்று கேட்க, ஆறு செட் செய்து கொடுத்தார். 1934இல் எஸ்தர் என்பவரைத் திருமணம் செய்தார். பிறகு மாநில நெடுஞ்சாலைத் திணைக்களத்தில் கணக்காளர் வேலை. பொருளாதார மந்தத்தில் அது போனது. டயர் கொம்பனி ஒன்றில் சேர்ந்தார், ஆறு மாதத்தில் அதுவும் போனது. 1938இல் 600 டொலர் கடன் வாங்கிக்கொண்டு சொந்த ஊரான புல்லர்டனுக்குத் திரும்பி, ஃபெண்டர் ரேடியோ சேர்விஸ் என்று ஒரு கடையைத் திறந்தார். வயது இருபத்தொன்பது. படித்த படிப்புக்கு வேலை இல்லாமல், தெரிந்த கைத்தொழிலோடு ஊருக்குத் திரும்பி வந்து கடை போட்ட எத்தனையோ பேரில் அவரும் ஒருவர்.

மூன்று வருடத்தில் போர் வந்தது. கண் இல்லாததால் லியோவைப் படைக்கு எடுக்கவில்லை. 1942 ஏப்ரலில் அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான ரேடியோ உற்பத்தியை நிறுத்தியது. தொழிற்சாலைகள் எல்லாம் இராணுவத்துக்குக் கருவி செய்யப் போய்விட்டன. வீட்டு ரேடியோ பழுதானால் புதிதாக ஒன்று வாங்க முடியாது. வால்வுகளுக்கும் உதிரிப்பாகங்களுக்கும் தட்டுப்பாடு. ஆனால் போர்ச் செய்தி கேட்காமல் இருக்க முடியுமா? ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிள்ளை எங்கோ களத்தில் நிற்கிறான். இருக்கிற ரேடியோவைத் திருத்தித்தான் ஆக வேண்டும்.

இந்தப் பகுதியைப் படித்தபோது என் மனதில் வந்தது கலிபோர்னியா அல்ல, வன்னி. 2002 போர்நிறுத்தம் வரும்வரை பற்றரி எங்களுக்குத் தடைசெய்யப்பட்ட பொருள். யாழ்ப்பாணத்தில் 1990களின் முதல் பாதியில் மின்சாரம் இல்லாதபோது சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் கையால் பெடலைச் சுற்ற, டைனமோ மின்சாரத்தில் மற்றவர்கள் செய்தி கேட்டதைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். லியோவின் ஊரில் இருந்தது தட்டுப்பாடு. எங்களிடம் இருந்தது தடை. அவர் கடைக்கு மேலே விமானம் வந்து குண்டு போடவில்லை. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் புதிய பொருள் வராத ஓர் ஊரில் திருத்துகிறவருக்கு என்ன அறிவு சேருமோ, அது இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

எங்கள் ஒழுங்கையில் ரேடியோ திருத்துகிற ஐயா ஒருவர் இருந்தார். செத்த ரேடியோ எதையும் எறியமாட்டார். ஒன்றின் ஸ்பீக்கர் இன்னொன்றுக்குப் போகும், அதன் கம்பி மூன்றாவதற்குப் போகும். எந்த ரேடியோ நல்லது என்று கேட்டால் அவர் சத்தத்தைப் பற்றிப் பேசமாட்டார். மூடியைக் கழற்ற எத்தனை ஆணி, உள்ளே கை போகுமா, பழுதாகிற பாகம் முன்னால் இருக்கிறதா அடியில் இருக்கிறதா என்றுதான் சொல்வார். பத்து வருடம் மற்றவர்கள் செய்த பெட்டிகளைத் திறந்து பார்க்கிறவருக்கு, அவற்றைச் செய்த பொறியியலாளருக்குத் தெரியாத ஒன்று தெரிந்துவிடும். எது முதலில் பழுதாகும் என்று தெரிந்துவிடும். லியோ பிறகு செய்த எல்லாவற்றிலும் இந்த அறிவு இருக்கிறது.

கடைக்கு வந்தவர்களில் இசைக்காரர்கள் அதிகம். அதற்கும் காரணம் இருந்தது. 1930களில் ஒக்லஹோமா, டெக்ஸஸ் பக்கத்தில் மண் புயலும் வறட்சியும் வந்து நிலமிழந்த குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் கலிபோர்னியாவுக்கு இடம்பெயர்ந்திருந்தன. போர் தொடங்கியதும் விமானத் தொழிற்சாலை வேலைக்கு இன்னும் பலர் வந்தார்கள். பகலில் வேலை, இரவில் பெரிய மண்டபங்களில் நடனம். அவர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த நாட்டுப்புற இசையை ஊதுகருவிகளும் ட்ரம்ஸும் சேர்ந்த பெரிய குழுக்கள் வாசித்தன. அந்த இரைச்சலில் கிட்டார் கேட்கவே கேட்காது. அன்றிருந்த அம்ப்கள் வண்டியில் ஏற்றி இறக்குவதிலேயே உடைந்துபோகும். வெள்ளிக்கிழமை உடைந்ததைச் சனிக்கிழமை மாலைக்குள் திருத்தித் தர வேண்டும் என்று வந்து நிற்பார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் டொக் கோஃப்மன். மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கிட்டார்க்காரர், ரிக்கன்பேக்கர் கொம்பனிக்கு வேலை செய்தவர், தானும் ஒரு கண்டுபிடிப்பாளர். இருவரும் சேர்ந்து இசைத்தட்டுகளைத் தானாக மாற்றும் பொறி ஒன்றை வடிவமைத்து 5,000 டொலருக்கு விற்றார்கள். அந்தக் காசில் ஸ்டீல் கிட்டாரும் அதற்கான சின்ன அம்ப்பும் செய்யத் தொடங்கினார்கள். கிட்டாரையும் அம்ப்பையும் சோடியாக விற்பது அவர்கள் வழக்கம். 1946இல் கோஃப்மன் கடனுக்குப் பயந்து விலகிவிட்டார். அந்தப் பயத்தைக் குறைசொல்ல முடியாது. லியோ தனியே ஃபெண்டர் எலெக்ட்ரிக் இன்ஸ்ட்ருமென்ட் கொம்பனியைத் தொடங்கினார். தொடக்க வருடங்களில் வீடு ஓடியது எஸ்தர் டெலிபோன் கொம்பனியில் வேலை செய்து கொண்டுவந்த சம்பளத்தில்.

இனி நான் சொல்ல வந்த பெட்டிக்கு வருகிறேன்.

1946இல் அவர் செய்த பிரின்ஸ்டன் என்ற சின்ன அம்ப்பில் ஒரு குமிழ்கூட இல்லை. சத்தத்தைக் கூட்ட, குறைக்க எதுவும் கிடையாது. கிட்டாரைச் செருகினால் கேட்கும். சத்தத்தைக் கிட்டாரில் இருக்கிற குமிழால் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். 1948இல் சாம்பியன் 800 வந்தது, அடுத்த வருடம் சாம்பியன் 600. இவை மாணவர்களுக்கென்றே செய்யப்பட்டவை. ஸ்டீல் கிட்டார் வகுப்புகள் அன்று அங்கே ஊருக்கு ஊர் நடந்தன. வகுப்பில் சேர்கிற பிள்ளைக்குக் கிட்டாரோடு சேர்த்துக் கொடுக்க, தாய் தகப்பன் தாங்கக்கூடிய விலையில் ஒரு பெட்டி வேண்டும். 1950களின் நடுப்பகுதியில் இந்த வரிசைக்கு சாம்ப் என்று பெயர் சுருங்கியது.

சாம்ப்பின் உள்ளே இருப்பது மூன்றே மூன்று வால்வு. கிட்டாரில் இருந்து வருகிற சின்ன மின் அலையை முதல் வால்வு பெரிதாக்குகிறது. இரண்டாவது அதற்கு ஸ்பீக்கரை ஆட்டுகிற பலம் கொடுக்கிறது. மூன்றாவது, சுவரில் இருந்து வருகிற மின்சாரத்தை மற்ற இரண்டுக்கும் ஏற்ற நேரோட்டமாக மாற்றுகிறது. பிரபலமான 1950களின் வடிவத்தில் ஒரு எட்டு அங்குல ஸ்பீக்கர், ஒரே ஒரு குமிழ், ஏறக்குறைய 5 வொட் பலம். இந்தச் சுற்று வழியை லியோ வானத்தில் இருந்து கொண்டுவரவில்லை. வால்வு செய்கிற கொம்பனிகள் தங்கள் கையேடுகளில் மாதிரிச் சுற்றுகளை அச்சிட்டுக் கொடுக்கும். ரேடியோ திருத்துகிற எல்லோரிடமும் அந்தக் கையேடுகள் இருக்கும். அதில் இருந்து எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரிந்துவைத்திருந்ததுதான் அவருடைய திறமை.

5 வொட் என்றதும் பிள்ளைகளின் முகம் சுருங்கும். நண்பனிடம் 50 வொட் இருக்கிறது என்பார்கள். பலம் பத்து மடங்கானால் காதுக்குக் கேட்கும் சத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்குதான் ஆகிறது. ஆகவே 50 வொட் அம்ப் 5 வொட் அம்ப்பைப் போலப் பத்து மடங்கு கத்தாது. ஒரு அறைக்கு 5 வொட் தாராளம். அடுத்த வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருந்தால் அதுவே கூட. 1970இல் எரிக் கிளப்டனும் டுவேன் ஓல்மனும் ‘லைலா’ இசைத்தட்டைப் பதிவுசெய்தபோது, பெரிய அம்ப்களை விட்டுவிட்டு ஸ்டூடியோவுக்குள் கொண்டுபோனது இந்தச் சின்ன ஃபெண்டர் சாம்ப்களைத்தான். மாணவருக்கென்று செய்த பெட்டி என்பதால் சத்தம் இரண்டாந்தரம் என்று நினைக்க வேண்டாம்.

அந்தக் காலத்து ஃபெண்டர் அம்ப் ஒன்றின் பின்பலகையைக் கழற்றிப் பார்த்த படங்களை இணையத்தில் யாரும் பார்க்கலாம். எனக்கு அவற்றைப் பார்க்கப் பார்க்கச் சலிக்காது. தடித்த அட்டையில் வரிசையாகத் துளையிட்டு, துளைக்கு உலோக வளையம் போட்டு, ஒவ்வொரு பாகத்தையும் அதன் இரண்டு காலிலும் ஈயம் வைத்து நிறுத்தியிருப்பார்கள். எல்லாம் கண்ணுக்குத் தெரியும், எல்லாவற்றுக்கும் கை போகும். ஒன்று பழுதானால் அதை மட்டும் எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கலாம், மற்றதைத் தொடத் தேவையில்லை. பெட்டியின் உட்பக்கச் சுவரில் ஒரு கடதாசி ஒட்டியிருக்கும். எந்த இடத்தில் எந்த வால்வு என்று அதில் இருக்கும். வால்வு போனால் இசைக்காரரே பார்த்து மாற்றிக்கொள்ளலாம். தான் பார்க்கவே போகாத ஓர் ஊரில், தன்னைப் போன்ற இன்னொரு திருத்துநர் இந்தப் பெட்டியைத் திறப்பார் என்று நினைத்துச் செய்த வேலை அது.

ஈயம் வைத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள், அதிலும் மெக்சிக்க வம்சாவளிப் பெண்கள் நிறையப் பேர். ஒரு பெட்டியைக் கட்டி முடித்தவர் சின்ன ஒட்டுத்தாளில் தன் முதற்பெயரை எழுதி உள்ளே ஒட்டிவிடுவார். லூப்பே, லில்லி என்ற பெயர்களை எழுபது வருடம் கழித்தும் அந்தப் பெட்டிகளுக்குள் பார்க்கிறார்கள். வெளியே முகப்பில் ஒரு பெயர், உள்ளே இன்னொரு பெயர்.

கிட்டார் வாசிக்கத் தெரியாதது லியோவுக்கு நன்மையாகவே முடிந்தது என்று நினைக்கிறேன். வாசிக்கத் தெரிந்திருந்தால் தன் காதுக்குப் பிடித்ததைச் செய்திருப்பார். தெரியாததால் கேட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது. புதிதாக ஒன்று செய்தால் அதை நடன மண்டபத்துக்கு எடுத்துப்போய் வாசிக்கிறவர் கையில் கொடுப்பார். குறை சொன்னால் திரும்பக் கொண்டுவந்து மாற்றுவார். திரும்பத் திரும்பக் கேட்டு இசைக்காரர்களைக் களைக்கச் செய்துவிடுவார் என்று அவரோடு பழகியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். டெலிகாஸ்டர், ஸ்ட்ராடோகாஸ்டர், 1951இல் வந்த பிரிசிஷன் பேஸ் என்று அவரைப் புகழேற்றிய கிட்டார்கள் எல்லாம் இந்த வழியில் வந்தவைதான். அவற்றைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்தக் கிட்டார்களின் கழுத்து பசையால் ஒட்டப்படவில்லை, நாலு ஆணியில் நிற்கிறது. உடைந்தால் கழற்றிவிட்டு வேறு கழுத்தைப் பூட்டலாம். ரேடியோக் கடைப் புத்தி கிட்டாரையும் விடவில்லை.

1950களின் கடைசியில் டிக் டேல் என்ற இளைஞர் வந்தார். கடலோர மண்டபத்தில் ஆயிரக்கணக்கான பேருக்கு முன்னால் வாசிக்கிறவர். லியோ கொடுத்த அம்ப்களை ஒன்றன்பின் ஒன்றாக எரித்துக் கொண்டுவந்து போடுவார். இவர் இன்னும் பெரிதாக ஒன்றைச் செய்து கொடுப்பார். கடைசியில் ஷோமன் என்ற பெரிய அம்ப் பிறந்தது. அதே காலத்தில் லண்டனில் ட்ரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், அமெரிக்காவில் இருந்து வருகிற ஃபெண்டர் அம்ப் விலை கூடியது என்பதால், ஃபெண்டரின் பேஸ்மன் அம்ப்பின் சுற்று வழியைப் பார்த்துத் தன் ஆட்களோடு 1962இல் ஒன்று செய்தார். ரொக் இசையின் அந்தக் கரகரத்த பெருஞ்சத்தம் அங்கிருந்து வந்தது. அந்தச் சுற்று திறந்து பார்த்து விளங்கிக்கொள்ளக்கூடியதாக இருந்ததால்தான் அதைப் பார்த்துச் செய்யவும் முடிந்தது.

எல்லாம் நல்லது என்று சொல்லமாட்டேன். அன்றைய அமெரிக்க வழக்கப்படி அந்த அம்ப்களுக்கு இரண்டு முனைப் பிளக்தான், எர்த் இல்லை. கிட்டார்க் கம்பியைத் தொட்டபடி மைக்கில் உதடு பட்டு ஷொக் வாங்கிய பாடகர்கள் ஏராளம். இந்த இடத்தில் எங்கள் பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. அம்ப்புக்கு மூன்று முனைப் பிளக் இருந்தால் அந்த மூன்றாவதை வெட்டியோ ஒடித்தோ செருக வேண்டாம். கிட்டார்க் கம்பிகள் அந்த எர்த்தோடுதான் இணைந்திருக்கின்றன. உங்கள் விரல் நாள் முழுக்க அந்தக் கம்பியில்தான் இருக்கப் போகிறது. கனடாவில் இருந்தோ அமெரிக்காவில் இருந்தோ அனுப்பப்படுகிற அம்ப் பெரும்பாலும் 120 வோல்ட்டுக்குச் செய்தது. எங்கள் சுவரில் 230. பின்பக்கத்தில் எழுதியிருப்பதைப் பார்க்காமல் செருகினால் முதல் நாளே எரியும். குறைக்கிற ட்ரான்ஸ்ஃபோமர் ஒன்று தேவைப்படும், அதன் விலையையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். லண்டனில் இருந்து வருவதற்கு இந்தப் பிரச்சினை இல்லை.

லியோ செய்த பழைய சாம்ப்பை இன்று தேடிப் போக வேண்டாம். அது சேகரிப்பாளர் விலைக்குப் போய்விட்டது. வால்வு அம்ப்பை ஆரம்பக்காரர் திறக்கவும் கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே உயிரைக் குடிக்கிற அளவு மின்சாரம் தேங்கி நிற்கும். ட்ரான்ஸிஸ்டர் அம்ப் ஒன்று, 10 வொட்டோ 20 வொட்டோ, அதுவே போதும். சாம்பியன் என்ற பழைய பெயரிலேயே ஃபெண்டர் கொம்பனி 20 வொட் ட்ரான்ஸிஸ்டர் அம்ப் விற்றிருக்கிறது. மின்வெட்டுள்ள இடத்தில் இருக்கிறவர்களுக்கு ரோலண்டின் மைக்ரோ கியூப் மாதிரி, சின்னப் பற்றரியிலும் ஓடுகிறவை உண்டு. ஹெட்ஃபோன் செருக இடம் இருக்கிறதா என்று பாருங்கள், வீட்டில் சண்டை குறையும். ஐம்பது வகைச் சத்தம் வரும் என்று பெட்டியில் எழுதியிருப்பதற்காகக் காசைக் கூட்டிக் கொடுக்காதீர்கள். முதல் வருடத்தில் தேவைப்படுவது ஒரு சுத்தமான சத்தம், கொஞ்சம் கரகரப்பு, அவ்வளவுதான். பழசு வாங்கினால் குமிழ்களை எல்லாம் மெதுவாகத் திருகிப் பாருங்கள். கரகரவென்றால் பெரும்பாலும் தூசிதான், அதைச் சுத்தம் செய்யலாம். கிட்டாரைச் செருகாமலே பெரிதாக இரைந்தால் விட்டுவிடுங்கள். வாங்குவதற்கு முன் உங்கள் ஊரில் ரேடியோவும் டிவியும் திருத்துகிறவரிடம் அந்தப் பெட்டியின் பெயரைச் சொல்லி, பழுதானால் திறக்க முடியுமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கொழும்புக்கு அனுப்பித்தான் திருத்த வேண்டும் என்றால், அந்தப் பஸ் காசும் அம்ப்பின் விலைதான்.

வீட்டில் கிடக்கிற கெஸட் செட்டில் செருகினால் என்ன என்றும் கேட்பார்கள். குறைந்த சத்தத்தில் வாசித்துப் பார்க்கலாம். ஆனால் கிட்டார் அம்ப்பின் ஸ்பீக்கர் உச்சக் கீச்சொலிகளை விழுங்கிவிடும், பாட்டுக் கேட்கிற செட் விழுங்காது. அதனால் காதைக் கீறும். சத்தத்தைக் கூட்டினால் ஸ்பீக்கர் கிழியும், அப்பாவிடம் பதில் சொல்ல வேண்டி வரும்.

1960களின் தொடக்கத்தில் லியோவின் கொம்பனியில் நூற்றுக்கணக்கான பேர் வேலை செய்தார்கள். அவருக்கோ தீராத சைனஸ் தொற்று. வருடக்கணக்கில் மருந்தெடுத்தும் மாறவில்லை, இனி அதிக நாள் இல்லை என்றே நினைத்தார். 1965 ஜனவரியில் கொம்பனியை சிபிஎஸ் ஒலிபரப்பு நிறுவனத்துக்கு 130 இலட்சம் டொலருக்கு விற்றார். 600 டொலர் கடனில் தொடங்கிய கடை. கொஞ்சக் காலத்தில் வேறொரு வைத்தியர் நிறையப் பெனிசிலின் கொடுக்க, நோய் மாறிவிட்டது. உடம்பு சரியாகி, கையில் காசும் இருக்கிற மனிதருக்குத் தன் பெயரில் இருக்கிற கொம்பனி மட்டும் சொந்தமில்லை. சில வருடங்களுக்கு அவர்களோடு போட்டிக்குத் தொழில் செய்யக்கூடாது என்று ஒப்பந்தமும் இருந்தது. சிபிஎஸ் காலத்தில் செய்த கிட்டார்களின் தரம் இறங்கியது என்று இசைக்காரர்கள் குறைப்பட்டார்கள். ‘சிபிஎஸ்ஸுக்கு முந்தியது’ என்பது பழைய கிட்டார் வியாபாரத்தில் ஒரு விலைப்பட்டியல் சொல்லாகவே ஆகிவிட்டது. கணக்காளர்கள் கையில் தொழிற்சாலை போனால் இப்படித்தான் என்பார்கள். லியோவும் கணக்கியல் படித்தவர்தான் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

ஒப்பந்தக் காலம் முடிந்ததும் மீண்டும் வேலைக்கு வந்துவிட்டார். 1970களில் மியூசிக் மேன் கொம்பனிக்குக் கிட்டார்கள் வடிவமைத்தார். 1979இல் எஸ்தர் இறந்தார். பழைய நண்பர் ஜோர்ஜ் புல்லர்டனோடு சேர்ந்து ஜி அண்ட் எல் என்ற கொம்பனியைத் தொடங்கினார். 1980இல் ஃபிலிஸ் என்பவரை மறுமணம் செய்தார். எழுபது வயது தாண்டியவர், உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாம். கிட்டாரின் ஒலியை மின்சாரமாக மாற்றுகிற அந்தச் சின்னக் காந்தச் சுருளை இன்னும் நல்லதாக்கலாம் என்று சொல்லிக்கொண்டு மேசையில் இருந்தார். பார்க்கின்சன் நோய் வந்து கை நடுங்கத் தொடங்கிய பிறகும் போனார்.

1991 மார்ச் 21ஆம் திகதி புல்லர்டனில் காலமானார். வயது 81. முதல் நாளும் வேலைக்குப் போயிருந்தார். அடுத்த வருடம் ரொக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் அவருடைய பெயரைச் சேர்த்தார்கள். ஃபெண்டர் அவெனியூ என்று அவருடைய பெயரிட்ட தெருவில் இருந்த ஜி அண்ட் எல் தொழிற்சாலையில் அவருடைய வேலை அறையைப் பூட்டி, மேசையில் கருவிகள் வைத்தது வைத்தபடியே பல வருடங்கள் பேணி வைத்திருந்தார்கள்.